உலகம்மாளின் கழுத்து

உலகம்மாள் தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நெற்றிமுடியைத் தானே வெட்டிக்கொண்ட புதன்கிழமை பகலில் மாவடித் தெருவில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்து நின்றுபோயிருந்தது, மீன்காரர் வந்து போயிருந்தார், எல்லா வீட்டு அடுப்பிலும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அத்தனை வீட்டுக் குழம்பிலும் ஒரே நேரத்தில் முடி விழுந்தது.

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்களின் முடி குழம்பில் விழுந்தது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்களின் முடி பேப்பரில் விழுந்தது. பத்திரப் பதிவு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எங்கள் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கும் ஆவுடையப்பன் சாருக்கு மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு கூரைபோல் முடி வந்து நின்றது. தெருமுனையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் எப்சிபா, வாடிக்கைக்காரியின் புருவத்தைத் திருத்துவதற்காக நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தவள், எதிர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு நூலைத் துப்பினாள். ஆவுடையப்பன் சாரின் மகன் சிங்கப்பூரில் நான்கு அதிகாரிகளுக்கு முன்னால் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்தான்; அவன் நெற்றியிலும் அதே கூரை இறங்கியது. ராத்திரி போனில் பேசும்போது, "அப்பா, நம்ம தெருவுல இன்னைக்கு யாரும் முடி வெட்டுனாங்களா?" என்றுதான் கேட்டானே தவிர, வேறு எதையும் பெரிதுபடுத்தவில்லை. நல்ல பிள்ளை.

இதில் துப்புத் துலக்க ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் தெருவில் இறங்கி நடந்தோம். ஆறாவது வீட்டில் உலகம்மாள் கையில் கத்திரியோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். தெரு முழுக்க இப்படி ஆகிவிட்டதே என்று அவள் அழவில்லை, அது அவளுக்கு இன்னும் தெரியாது. புருவத்தைத் தொடட்டும் என்று வெட்டிய முடி பாதி நெற்றிக்கு ஏறிவிட்டதே என்று அழுதாள். அவள் ஜாக்கெட் தைப்பவள். துணியை முதலில் நனைத்துக் காயப்போட்டு, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகுதான் வெட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் முடியையும் நனைத்திருக்கிறாள்; காயப்போட மட்டும் மறந்துவிட்டாள்.

"ஏட்டி உலகு, என்ன காரியம்ட்டி பண்ணிட்ட?" என்று எப்சிபா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? ஈரத்தோட வெட்டுனா காஞ்சதும் ரெண்டு வெரக்கட மேல ஏறும்லா? இனி என் கடைக்கு எவ வருவா? பார்லர்காரி தலையே இந்த லெச்சணத்துல கெடக்குன்னு சிரிக்க மாட்டாளுவளா?"

"எக்கா, நான் என் தலையத்தான வெட்டுனேன்" என்றாள் உலகம்மாள்.

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு தெருவில் குடித்தனம் நடத்த முடியுமா?

அவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். அவளுடைய முடி இடுப்பைத் தாண்டி இறங்கும். பெண் பார்க்க வந்த அன்று மாமியார் பின்னலை அவிழ்த்து முழம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூ வைத்தார். அன்றிலிருந்து அந்த முடி குடும்பத்துச் சொத்து. பகலெல்லாம் மெஷினில் குனிந்தே இருக்கிறவளுக்கு அந்தப் பின்னலின் கனத்தில் தினமும் தலைவலி. ஒரு தடவை பின்னல் சக்கரத்தில் சிக்கி, மோவாய் மெஷினில் இடித்து ரத்தம் வந்திருக்கிறது. கழுத்து தெரியும்படி, காது தெரியும்படி குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. செல்போனில், உருண்டை முகத்துக்கு எது, நீள முகத்துக்கு எது என்று படம் பார்த்துப் பார்த்து, தன்னுடையது எந்த முகம் என்று சோப்புக்கட்டியால் கண்ணாடியில் கோடு போட்டுக்கூடப் பார்த்திருக்கிறாள். முழுசாக வெட்டத் துணிச்சல் வராமல், வெள்ளோட்டமாக நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெட்டியிருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

அவளுடைய கணவன் கொம்பையா மினி பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணத்தின்போதே முன்வழுக்கை, இப்போது தலை முழுக்கவே கண்ணாடி. அன்றைக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன் நெற்றியில் ஏதோ உறுத்துகிறதே என்று தட்டிவிட்டிருக்கிறான், அது போகவில்லை. டிரைவருக்குப் பக்கத்துக் கண்ணாடியில் எட்டிப் பார்த்திருக்கிறான். பின்னால் ஒன்றுமில்லாமல் முன்னால் மட்டும் ஒரு வரிசை முடி, கூரை இல்லாத வீட்டுக்கு வாசலில் தோரணம் கட்டியதுபோல. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. சீப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ஏளா, தெருவே ஒன்னய ஏசுது. நான் ஏச மாட்டேன்" என்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சாப்ட்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

இரண்டொரு சோதனையில் விஷயம் தெளிவாகிவிட்டது. எப்சிபா வெட்டினால் உலகம்மாள் தலையில் மட்டும் குறைந்தது. உலகம்மாளே வெட்டினால் மாவடித் தெருக்காரர்கள் எங்கே இருந்தாலும் அத்தனை பேர் தலையும், அவள் கத்திரி பட்ட இடம் மட்டும், அவள் தலை மாதிரி ஆனது. இருப்பவனுக்கு உதிரும், இல்லாதவனுக்கு முளைக்கும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் போனால்கூட ஏன் என்று கேட்க மாட்டோம், எப்போது வரும் என்றுதான் கேட்போம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. கோணல் நெற்றியோடு இப்படியே இருக்க முடியாது, உலகம்மாள் மறுபடியும் வெட்டத்தான் வேண்டும், என்ன வெட்டு என்பதைத் தெருவே கூடி முடிவு செய்ய வேண்டும் என்று தீர்மானமானது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், ஒட்ட வெட்டுங்கள் என்றார் ஒருவர். ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம், ஒரு முழம் பூ நிற்கிற அளவுக்காவது பின்னல் வேண்டும் என்றாள் ஒருத்தி. எல்லார் முகத்துக்கும் பொருந்துகிற வெட்டு ஒன்று இருந்தே தீரும், அதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் ஆவுடையப்பன் சார். வாழ்நாளெல்லாம் நிலத்தின் நான்கெல்லையை எழுதியவர் அவர். உலகம்மாளின் டேப்பையே வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், மேற்கே வலது காது, கிழக்கே இடது காது, வடக்கே நெற்றி, தெற்கே மோவாய், இந்நான்கெல்லைக்கு உட்பட்ட முகம் என்று ஒவ்வொருவர் முகத்தையும் அளந்தார். பிறகு எல்லாவற்றையும் கூட்டி, தலைகளின் எண்ணிக்கையால் வகுத்து, மாவடித் தெருவின் முகம் இதுதான் என்று அட்டையில் வரைந்து காட்டினார். அந்த முகத்தை நாங்கள் யாரும் அதற்கு முன்னால் எங்கும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் கைதட்டினோம்.

அந்த முகத்துக்கு எப்சிபா ஒரு வெட்டு சொன்னாள்: தோள்வரை முடி, நடுவகிடு, காதும் கழுத்தும் மூடி.

"கழுத்து மட்டும் கொஞ்சம் தெரியுத மாதிரி வெட்டிக்கிடட்டுமா?" என்று கேட்டாள் உலகம்மாள். கூட்டத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஆவுடையப்பன் சார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழுத்து நம்ம அளவுலயே வரல்லயேம்மா. அது எல்லைக்கு வெளிய."

நாங்கள் யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. கைதூக்கச் சொன்னோம், மூடவேண்டும் என்று எல்லாரும் கைதூக்கினார்கள், அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

அப்படியே வெட்டினாள். தெருவே தோள்வரை முடியோடு எழுந்து நின்றது. குழந்தைகள், கிழவர்கள், போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருக்கும் பேச்சிமுத்து, எல்லோருக்கும் நடுவகிடு. யாருக்கும் அது பொருந்தவில்லை. பேச்சிமுத்துவை மேலதிகாரி என்னய்யா இது என்று கேட்டதற்கு, தெருத் தீர்மானம் சார் என்று சொல்லிவிட்டு வந்தார். தனித்தனியாகக் கடைக்குப் போய் வெட்டிக்கொள்ளக் கூடாது, அது ஒற்றுமைக்கு இழுக்கு என்று அடுத்த கூட்டத்தில் சட்டமே போட்டாயிற்று. ஒருவருக்கொருவர், "ஒமக்கு நல்லா எடுப்பா இருக்கு வே" என்று சொல்லிக்கொண்டோம். சொல்லச் சொல்லக் கேட்பதற்கும் நன்றாகத்தான் இருந்தது.

உண்மையாகவே சந்தோஷப்பட்டவர்கள் வழுக்கைத் தலைக்காரர்கள்தான். கொம்பையா பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு முடியைக் காற்றில் பறக்கவிட்டான்; ஸ்டூடியோவுக்குப் போய்ச் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டான். விஷயம் வெளியே பரவியது. சங்கரன்கோவில், கடையநல்லூர், புளியங்குடி என்று எங்கெங்கோ இருந்து வழுக்கைத் தலையர்கள் குடும்பத்தோடு வந்து எங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டார்கள். மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. குடிவந்தவர்கள் உலகம்மாள் அடுத்து எப்போது வெட்டுவாள் என்று வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள்.

இவ்வளவும் ஒருத்தி தலையில் நிற்கிறது என்றால் அந்தத் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? பார்த்துக்கொண்டோம். முறை வைத்துக் கறிவேப்பிலைத் துவையல் கொடுத்தோம், முட்டை கொடுத்தோம், சனிக்கிழமை தோறும் ஆள் போட்டு எண்ணெய் தேய்த்துவிட்டோம். எண்ணெயின் கனத்தில் தலைவலி கூடுகிறது என்றாள், அது குளிர்ச்சி இறங்குகிற வலி என்று சொன்னோம். அவள் கத்திரியைச் சங்கத்து பீரோவில் வைத்துப் பூட்டினோம். ஜாக்கெட் துணி வெட்ட வேண்டுமென்றால் சாவியோடு இரண்டு பேர் போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, வெட்டி முடித்ததும் வாங்கி வந்தோம். துணியை வெட்டும்போது ஒரு நாள் அவள் நிமிர்ந்து சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு பேரும் பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டார்கள். பாவம், வியர்வையைத் துடைக்கத்தான் நிமிர்ந்திருக்கிறாள்.

ஆடி பிறந்தது. எங்கள் தெருவில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொள்ளாத வீடு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் மொட்டை, விசா கிடைத்தால் மொட்டை, வழக்கு ஜெயித்தால் மொட்டை. நேரும்போது இருக்கிற வேகம் செலுத்தும்போது இருப்பதில்லை. அப்பாவின் நேர்ச்சை மகன் தலையில், மகன் நேர்ச்சை பேரன் தலையில் என்று பாக்கி விழுந்துகொண்டே வந்தது. ஆவுடையப்பன் சாருக்குத்தான் அந்த யோசனை உதித்தது. உலகம்மாள் ஒருத்தி தன் தலையைத் தானே மழித்துக்கொண்டால் தெருவின் நேர்ச்சை மொத்தமும் ஒரே மூச்சில் கழிந்துவிடும். ஒரே கல்லில் ஒரு தோப்பு மாங்காய். முடியைச் சாக்கில் கட்டி ஒருவர் கொண்டுபோய்க் கோயிலில் சேர்த்தால் போதும். எங்கள் தெரு அம்மன்கோயில் பூசாரியிடம் அபிப்பிராயம் கேட்டோம். அவர், "ஆத்தா முடியத்தான கேக்கா, பஸ் டிக்கெட்டவா கேக்கா?" என்றார்.

எப்சிபா மட்டும் துள்ளினாள். "நாங்க வேதக்காரங்க. மொட்டத் தலையோட சர்ச்சுக்குள்ள எப்படி நொழைய?"

"நீ முக்காடு போட்டுத்தானம்மா சர்ச்சுக்குப் போற" என்றார் ஆவுடையப்பன் சார்.

குடிவந்த வழுக்கையர்கள், நாங்கள் இந்த மொட்டைக்குப் பயந்துதானே இங்கே வந்தோம் என்று முறையிட்டார்கள். அது முளைக்காத மொட்டை, இது முளைக்கிற மொட்டை என்று விளக்கியதும் சமாதானமானார்கள். ஆவணிக் கல்யாணப் பெண்ணுக்குச் சவுரி வாங்கித் தருவதாகச் சங்கம் ஒப்புக்கொண்டது. எல்லோரிடமும் கலந்து பேசித்தான் செய்தோம். உலகம்மாளிடம் சொல்லும் பொறுப்பைக் கொம்பையாவிடம் விட்டோம். அவர்கள் வீட்டுச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். பேசியதெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

"எனக்கு நேர்ச்சையே கெடையாதே. நான் எதுக்குங்க மொட்ட போடணும்?"

"தெருவே நேந்திருக்கு. நீ ஒருத்தி நேரலன்னா என்ன?"

"இன்னைக்குப் போடச் சொல்லுதாவ. மொளைச்சதும் அடுத்த ஆடிக்கும் போடச் சொல்லுவாவ. வருசா வருசம் இதே கததான். நான் கேட்டது கழுத்துல ஒரு காத்து படணும்னு, அவ்வளவுதான? என் தல எனக்கு எப்பங்க வரும்?"

கொம்பையா சீவிக்கொண்டிருந்தானாம். சீப்பு நிற்கவே இல்லையாம். "ஒந்தல ஓங்கிட்டதானட்டி இருக்கு, எங்க போச்சு?"

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஆடிக் கடைசி வெள்ளி காலையில் அம்மன்கோயில் முன்னால் பந்தல் போட்டு, எப்சிபாவின் பார்லரிலிருந்து ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கி வந்து வைத்து, அதற்கு முன்னால் உலகம்மாளை உட்காரவைத்தோம். மழித்த தலையில் பூச ஒவ்வொரு வீட்டிலும் சந்தனம் கரைத்துக் கிண்ணத்தில் எடுத்து வந்திருந்தார்கள். தெருவே கிண்ணத்தோடு வரிசையில் நின்றது. மேளக்காரர் தயாராக இருந்தார். தோள்வரை முடியில் சவரக்கத்தி ஓடாது, முதலில் கத்திரியால் ஒட்ட வெட்டிக்கொண்டு பிறகு மழிக்க வேண்டும் என்று எப்சிபா தொழில் தெரிந்தவளாகச் சொன்னாள். ஆகவே பீரோவைத் திறந்து கத்திரியை எடுத்து நாங்களே உலகம்மாள் கையில் கொடுத்தோம்.

அவள் முடியை நனைக்கவில்லை. உலர்ந்த முடியில் ஒரு கற்றையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கத்திரியை நெட்டுக்குத்தாக வைத்து நுனி நுனியாகக் கொத்தினாள். மேளம் முழங்கியது, பூசாரி மணியடித்தார், எங்கள் தலைகளிலிருந்து முடி உதிர உதிர நாங்கள் தாயே மாரி என்று கும்பிட்டோம். வலது காது வெளியே வந்தது, இடது காது வெளியே வந்தது. இவ்வளவு நிதானம் எதற்கு, எப்படியும் மழிக்கப்போகிற தலைதானே என்று ஆவுடையப்பன் சார் முணுமுணுத்தார். அவள் தலையைக் குனிந்து, பின்கழுத்தைக் கையால் தடவிப் பார்த்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தை விரலால் அளந்து வெட்டினாள். பிறகு எப்சிபாவிடம் கைக்கண்ணாடியை வாங்கிப் பின்னால் பிடித்து, பெரிய கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மேளக்காரருக்குக் கை ஓய்ந்துவிட்டது.

"போதும்" என்று கத்திரியைக் கீழே வைத்தாள்.

"இனி கத்திய எடும்மா" என்றார் ஆவுடையப்பன் சார்.

"நேந்தவுக கத்திய எடுங்க. கெடா கெணக்கா என்னயப் புடிச்சு நிறுத்துனா, என் தலையில ஒங்க நேர்ச்ச எப்படிக் கழியும்? நான் எனக்கு வெட்டிக்கிட்டேன், முடிஞ்சு போச்சு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். தெரு முழுக்கக் குட்டை முடி. இத்தனை வருஷம் முடிக்குள் பதுங்கியிருந்த ஆவுடையப்பன் சாரின் காதுகள் சட்டிக்குப் பிடி வைத்ததுபோல் நீட்டிக்கொண்டு நின்றன. எப்சிபாவின் தாடை அகன்று, அவள் அண்ணன் வந்து நிற்பதுபோல் இருந்தது. ஆவணிக் கல்யாணப் பெண் பள்ளிக்கூடத்துப் பையனாகிவிட்டாள். பொருந்தவில்லை, ஒருவருக்கும் பொருந்தவில்லை. அவளுக்கு மட்டும் பொருந்தியது. இதைச் சொல்லாமல் விட்டால் நாக்கு அழுகிப்போகும்: அவள் அழகாக இருந்தாள். அந்தக் கழுத்து அத்தனை நாளும் எங்கே இருந்தது என்று எட்டி எட்டிப் பார்த்தோம். உடனே கோபமும் வந்தது.

கொம்பையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தோம். அவன் அவளுக்குப் பின்னால் நின்று, அவள் தலைக்கு மேலே கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். குட்டைமுடியை முன்னால் தள்ளினான், பின்னால் தள்ளினான், முகத்தைச் சாய்த்துப் பார்த்தான்.

"ஏளா, இதுவும் எனக்கு எடுப்பாத்தான் இருக்கு, என்ன?"

உலகம்மாள் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு நல்லால்லங்க" என்றாள். "எனக்கு நல்லாருக்கு."

எழுந்து, முன்னால் நின்றவள் கிண்ணத்திலிருந்து ஒரு கை சந்தனத்தை அள்ளிப் பின்கழுத்தில் அப்பிக்கொண்டு, மேற்கே மலைப்பக்கத்திலிருந்து வந்த காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கண் தானாக மூடிக்கொண்டது. அம்மாடி என்று ஒரு பெருமூச்சு விட்டாள். நாங்கள் எல்லோரும், கிழவர், குழந்தை, ஆவுடையப்பன் சார், எப்சிபா, கொம்பையா, தெருவே, எங்கள் பின்கழுத்தில் கையை வைத்துக்கொண்டு அந்தக் குளிர்ச்சிக்காகக் காத்திருந்தோம். வெயில் ஏறும்வரை நின்றோம். அது எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.